அரவிந்த் கண் மருத்துவமனை, மதுரை: ஓர் அச்சகக்காரனின் பார்வையில்

அச்சகத்துக்கு வருகிறவர்கள் அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும், "எங்க எடுத்தீங்க, எவ்வளவு ஆச்சு, நல்லா பாத்தாங்களா?" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதிவிடலாம். அம்மாவுக்குக் கண் புரை எடுத்தது மதுரை அண்ணா நகர் அரவிந்தில். நன்றாகப் பார்த்தார்கள். எவ்வளவு ஆனது என்பது எந்த லென்ஸ், எந்த அறை என்பதைப் பொறுத்தது. அந்த விலைப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன். அந்த மருத்துவமனையை ஆரம்பித்தவரின் குணம் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் தெரிவதைவிட அதில்தான் நன்றாகத் தெரிகிறது.

எனக்குக் கோவில்பட்டியில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் கொடை நோட்டீஸ், வருடக் கடைசியில் காலண்டர். மருத்துவம் தெரியாது. வேலை எப்படி ஓடுகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் எங்கே போனாலும் என் கண்ணில் பட்டுவிடும். இந்த மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும்.

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அரவிந்த் இருக்கும்போது ஏன் மதுரை என்று கேட்கலாம். தங்கை வீடு மதுரையில். அம்மா தங்க வேண்டும், சோறு வேண்டும், சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அம்மாவுக்கு வேறொரு காரணமும் உண்டு. அரவிந்தை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி எங்கள் பக்கத்துக்காரர். அவர் 1918இல் பிறந்த அயன்வடமலாபுரம் எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கரிசல் ஊர். சிறு வயதில் சிலேட்டு வாங்க வழியில்லாமல் ஆற்று மணலில் எழுத்துப் படித்தவர். அம்மா பிறந்ததும் அந்தத் திசையில்தான் என்பதால் அவளுக்கு அது "நம்ம டாக்டரு ஆசுபத்திரி". அவரை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கு முன்னால் வேறோர் ஊரில் ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். கண்ணைப் பார்த்த நேரத்தைவிட லென்ஸ் விலை பேசிய நேரம் அதிகம். இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு என்றால் கிடையாது என்றார்கள். ஆடித் தள்ளுபடியை நான் நிறைய நோட்டீஸில் அச்சடித்திருக்கிறேன், ஆனால் கண்ணுக்கு அது இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா வெளியே வந்து, "எய்யா, புரை இன்னும் முத்தட்டும், அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டாள். புரை முத்தினால்தான் எடுப்பார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இப்போது அப்படி இல்லை. முற்றவிட்டால் எடுப்பதுதான் சிரமம், சில சமயம் கண்ணில் அழுத்தம் ஏறி வேறு வினை வந்து சேரும். மங்கலால் அன்றாட வேலை கெடுகிறது என்றால் எடுத்துவிடலாம்.

சரி, அரவிந்துக்கு வருவோம். காலையில் போனால் கூட்டம் இருக்கும், மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். ஆனால் அது நகர்கிற கூட்டம். பதிவு, பிறகு எழுத்துப் பலகையில் பார்வைச் சோதனை, கண் அழுத்தம், கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்று கண்ணை அளப்பது. இத்தனையையும் செய்வது புடவைச் சீருடையில் இருக்கும் சிஸ்டர்கள். டாக்டர் நடுவில் வருகிறார், விளக்கு வைத்துப் பார்க்கிறார், முடிவு சொல்கிறார், போய்விடுகிறார். அதற்கப்புறம் ஆலோசகர் என்று ஒரு பெண் உட்கார்ந்து, என்ன செய்வார்கள், என்ன லென்ஸ் இருக்கிறது, எதற்கு எவ்வளவு, வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நிதானமாகச் சொல்கிறார். அம்மா ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாள். ஊசி கண்ணுக்குள்ளேயா போடுவாங்க? "கண்ணுக்குள்ள இல்ல பாட்டி, பக்கத்துல. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அப்பறம் ஒண்ணும் தெரியாது" என்று ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் சொன்னார் அந்தப் பெண்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்தில் விலை கூடிய சரக்கு மெஷின் ஓடும் நேரம்தான். பேப்பர் வெட்டுவது, பிளேட் தயார் செய்வது, மடிப்பது, பின் அடிப்பது எல்லாம் மெஷினுக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். மெஷின் நின்றால் காசு நிற்கும். அரவிந்தில் அந்த மெஷின் அறுவை செய்யும் டாக்டரின் கை. அந்தக் கை செய்துதான் தீர வேண்டிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற வேறு கைகள் செய்கின்றன. அறுவை அரங்கில் இரண்டு மேஜைகள் பக்கம் பக்கமாக. ஒருவருக்கு முடிகிறபோது அடுத்தவர் மருந்து போட்டு, முகம் மூடித் தயாராக இருப்பார். டாக்டர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால் போதும். அங்கே ஒரு டாக்டர் சராசரியாக வருடத்துக்கு 2000 அறுவை அளவில் செய்கிறார். நாட்டின் பொதுச் சராசரி அதில் ஒரு சிறு பங்குதான்.

அவசரத்தில் அறுத்துத் தள்ளுகிறார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரே வேலையைத் தினமும் செய்கிற கை பழகிய கை. பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்கள் வருடத்துக்கு நாலு பத்திரிகை அடிக்கிற ஆளைத் தேடிப் போவதில்லையே.

இந்தச் சிஸ்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எடுத்து, இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறார்கள். நர்சிங் கல்லூரிச் சான்றிதழைவிடக் குணத்தையும் குடும்பத்தையும் பார்த்து எடுக்கிற பழக்கம் ஆரம்பத்திலிருந்தே. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு நிறையக் கேட்டது. அம்மா ஒரு சிஸ்டரிடம் ஊர், தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, கடைசியில் ஒரு சொந்தத்தையே கண்டுபிடித்துவிட்டாள். உண்மையான சொந்தமா என்று நான் கேட்கவில்லை.

டாக்டரின் கை என்று சொன்னேன். இந்த மருத்துவமனையை ஆரம்பித்தவரின் கை எப்படி இருந்தது தெரியுமா? வெங்கடசாமி முதலில் ஆசைப்பட்டது பிரசவ மருத்துவர் ஆக. கிராமத்தில் உறவுக்காரப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைப் பார்த்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், சென்னை ஸ்டான்லியில் 1944இல் மருத்துவப் பட்டம், அப்புறம் ராணுவ மருத்துவப் பிரிவு. முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் பிடித்துப் படுக்கையில் தள்ளிவிட்டது. எழுந்தபோது விரல்கள் கோணி, திருகிப் போயிருந்தன. பிரசவம் பார்க்கும் கனவு போய்விட்டது. கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்தக் கோணல் விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் அறுவை செய்தார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர், எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர். ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர்.

அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றதும் ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்காருகிற வயதில், 1976இல், 11 படுக்கையோடு ஒரு வீட்டில் ஆரம்பித்ததுதான் அரவிந்த். வீட்டை அடமானம் வைத்தார். தம்பி தங்கைகளும் தங்கையின் கணவரும் கூடவே இறங்கினார்கள். தங்கை நாச்சியாரும் மைத்துனர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். ஒரு தம்பி கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். தகப்பனார் காலமான பிறகு தம்பி தங்கைகளை ஆளாக்கியவர் என்பதால் அவர் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. அந்தத் தங்கைமார், தம்பிமார் பக்கத்துக் கதையை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். நல்ல அரசாங்க வேலையை விட்டு, அண்ணன் பேச்சைக் கேட்டு, முதல் சில வருடங்கள் குறைந்த சம்பளத்தில் ராத்திரி பகலாக உழைப்பதென்றால் சும்மாவா.

அரவிந்த் என்ற பெயர் புதுச்சேரி அரவிந்தரை வைத்து. டாக்டர் அவருடைய பக்தர், தியானம் செய்கிறவர். எனக்கு ஆன்மிகம் பேசும் முதலாளிகள் மேல் ஒரு சந்தேகம் உண்டு, ஒளிக்க வேண்டியதில்லை. சம்பளத் தேதி வரும்போதுதான் அவர்களுக்குக் கர்ம வினை ஞாபகம் வரும். இந்த மனிதர் அதே மூச்சில் அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடையையும் புகழ்ந்தவர். ஒரே தரத்தில், எல்லா ஊரிலும், குறைந்த விலையில் ஒரு ரொட்டியை அவர்களால் கொடுக்க முடியும் என்றால் கண்ணை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டார். தியானமும் பர்கரும் ஒரே தலைக்குள் இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது விலை. கட்டணப் பிரிவில் அறையைப் பொறுத்தும் லென்ஸைப் பொறுத்தும் விலை ஏறும். மடக்கி உள்ளே செலுத்தும் லென்ஸ், மடக்காத லென்ஸ், வெளிநாட்டு லென்ஸ் என்று படிகள். நாங்கள் எடுத்தது அவர்களே தயாரிக்கும் மடக்கு லென்ஸ், சாதாரண அறை. நான் கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. விலை மாறும் என்பதால் தொகை எழுதவில்லை, ஆலோசகரே எழுதிக் கொடுப்பார். முன்னே சொன்ன இடத்தில் போல இன்றைக்கே முடிவு செய்யுங்கள் என்ற பேச்சே இல்லை.

இன்னொரு பிரிவு தனிக் கட்டடத்தில். அங்கே லென்ஸுக்கு ஒரு சின்னத் தொகை கொடுப்பவர்கள் உண்டு. முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிவரப்படுகிறவர்களுக்கு அதுவும் இல்லை. தங்கல் பொதுக் கூடத்தில், பாய் விரித்து. இரண்டு பக்கத்துக்கும் அதே டாக்டர்கள் முறை மாற்றிப் போய் வருகிறார்கள். முக்கியமான விஷயம் இதுதான்: எந்தப் பக்கம் போவது என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். ரேஷன் கார்டு காட்டு, வருமானச் சான்றிதழ் கொண்டுவா என்று யாரும் கேட்பதில்லை.

வியாபாரியாக எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒரு வாசல் திறந்து வைத்தால் காரில் வந்து இறங்குவார்களே! ஆனால் இறங்குவதில்லை. வசதி உள்ளவன் தனி அறை, கட்டில், கூட இருக்க இடம் தேடுவான். அதற்குக் காசு கொடுக்கிறான். பாயில் படுக்கச் சம்மதிக்கிறவனுக்குக் கண் மட்டும் போதும், அதைக் குறைவில்லாமல் கொடுக்கிறார்கள். ஏமாற்றுகிறவனைப் பிடிக்க ஆள் போடவில்லை, ஏழை என்று நிரூபிக்கச் சொல்லி யாரையும் கூனிக் குறுக வைக்கவும் இல்லை. அம்மாவின் அறை வாடகையில் ஒரு பகுதி அடுத்த கட்டடத்துப் பாட்டியின் லென்ஸ் ஆகிறது. அன்றாடச் செலவு பெரும்பாலும் இப்படி நோயாளிகள் கொடுக்கும் பணத்திலேயே ஓடுகிறது. கணக்கை உட்கார்ந்து போட்டவருக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இலவசம் என்று பலகை வைத்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்பதும் உண்மை இல்லை. ஆரம்ப கால முகாம்களில் புரை இருக்கிறது, வாருங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் பலர் வரவே இல்லை. ஏன் என்று கிராமத்துக்கே போய் விசாரித்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கூட வர ஆளில்லை, பயம். என் பெரியம்மா ஒருத்தி இதே காரணங்களுக்காகத்தான் கடைசி வரை தடவித் தடவியே நடந்தாள். கத்தி இலவசமாக இருந்தும் பஸ் டிக்கெட் இலவசமாக இல்லாததால் ஒரு கண் போகும் என்பதை யார் யோசிப்பார்கள்? அவர்கள் யோசித்தார்கள். பஸ், சாப்பாடு, திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை என்று ஆக்கினார்கள்.

லென்ஸ் விஷயமும் இதே வகை. முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒன்றும் வைக்க மாட்டார்கள், தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தால் கதை முடிந்தது. உள்ளே வைக்கும் லென்ஸ் வந்தபோது வெளிநாட்டு விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. விலையைக் குறைத்துத் தரக் கேட்டுப் பார்த்தார்கள், நன்கொடையாகவும் வாங்கிப் பார்த்தார்கள், கட்டுப்படி ஆகவில்லை. 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிக்க ஆரம்பித்து, சுமார் நூறு டாலர் விற்ற சாமானைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மதுரையில் செய்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. பேப்பர் விலை ஏறும்போதெல்லாம் சிவகாசியில் சங்கம் கூட்டிப் புலம்புகிற ஆட்கள் நாங்கள். நாமே பேப்பர் ஆலை போட்டால் என்ன என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தொழில்காரனாக என்னை நிஜமாகவே உறுத்தியது இன்னொன்று. இந்த முறைகளை அவர்கள் பூட்டி வைப்பதில்லை. மற்ற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே லயன்ஸ் சங்கத்தோடு சேர்ந்து லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தை வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து கற்றுப் போகிறார்கள். நான் மை வாங்குகிற கடையின் போன் நம்பரைப் பக்கத்துத் தெரு அச்சகத்துக்குச் சொல்ல மாட்டேன். இப்போதும் சொல்லப்போவதில்லை. டாக்டர் வெங்கடசாமி பார்த்தது கடைக்கு எதிர்க்கடை என்று இல்லை போலிருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது யார் எடுத்தால் என்ன என்ற கணக்கு. 2006இல் அவர் காலமான பிறகும் புதிய ஊர்களில் மருத்துவமனைகள் வந்துகொண்டிருக்கின்றன. அறுவையும் லேசர் சிகிச்சையும் சேர்த்து வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் நடக்கிறது. முதலாளி போனால் கடை படுத்துவிடும் என்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரவிந்த் யாருக்குச் சரிப்படாது என்றும் சொல்ல வேண்டும். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து குடும்பக் கதை எல்லாம் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த ஓட்டம் பிடிக்காது. அங்கே பேசுவது ஆலோசகரும் சிஸ்டரும்தான், ஏற்பாடே அப்படி. இன்னாரைத் தெரியும், முன்னால் விடுங்கள் என்று போகிறவர்களும் வேறு இடம் பார்ப்பது நல்லது. என் மச்சினர் இந்த இரண்டாவது வகை, அதனால் அவரைக் கூட்டிப் போகவில்லை.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும் அம்மா முதலில் பார்த்தது என் சட்டையை. "காலர் இப்படிக் கிழிஞ்சிருக்கு, இதப் போட்டுக்கிட்டா மதுரைக்கு வந்த?" என்று சிஸ்டர் முன்னாலேயே கேட்டாள். நல்லா பாத்தாங்களா என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன சான்று தருவது.

போகிறவர்களுக்குச் சில விவரம். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள்; ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால் தேதி தள்ளிப் போகும், ஆகவே ஒரு வாரம் முன்னாலேயே வாயைக் கட்டுங்கள். பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து ஒரு மாத அளவுக்கு, வாரா வாரம் எண்ணிக்கை குறைந்துகொண்டு வரும்; அந்த அட்டவணையைக் காலண்டரில் எழுதி மாட்டிவிடுங்கள். கொஞ்ச நாளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அடுப்புப் புகையில் உட்காரக் கூடாது. அம்மாவிடம் முதல் இரண்டையும் கேட்க வைத்துவிட்டோம். மூன்றாவதற்குத் தங்கை அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது. அடுத்த கண் தை மாதம் காலண்டர் வேலை ஓய்ந்த பிறகு.